உறையின் மேல் ஒரு வரி

மார்ச் 4

உண்டியல் அக்காவுக்கு,

நலம் விசாரித்து ஆரம்பிக்கிற நிலையில் நான் இல்லை. இதோடு, நன்கொடை கேட்டு வந்த ஓர் உறையின் நகலை வைத்திருக்கிறேன். உங்கள் மறுவாழ்வு நிலையத்து உறைதான். உள்ளே இருக்கிற கடிதத்தை யார் எழுதியது என்று உன்னைவிட நன்றாக யாருக்கும் தெரியாது.

நேற்று மதியம் கதவிடுக்கு வழியாக வந்து விழுந்தது. நான் மேஜையில் ஒரு லிஃப்டின் கன்ட்ரோல் போர்டைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். கரண்ட் பில்லாக இருக்கும் என்று நாற்காலியை உருட்டிக்கொண்டு போய்க் குச்சியால் இழுத்து எடுத்தேன். முகவரிக்கு மேலே, யாரோ கையால் கிறுக்கியது போன்ற எழுத்தில், ஒரு வரி அச்சடித்திருந்தது.

"யாரும் பாக்குறதுக்குள்ள பட்டனைப் போட்டு விடுக்கா."

மூன்று முறை படித்தேன்.

ஏழு வருஷத்துக்கு முன்னால், மூன்றாவது வார்டில், ஜன்னலோரக் கட்டிலில் நான் சொன்ன வார்த்தை அது. லிஃப்ட் குழிக்குள் விழுந்து எட்டாவது வாரம். கூட வேலை பார்த்தவர்கள் நாலு மணிக்குப் பார்க்க வருகிறார்கள் என்று நீ என் கோடு போட்ட சட்டையைக் கொண்டுவந்தாய். விரல் பத்தும் மரக்கட்டை. ஒரு பட்டனைக்கூடப் பிடிக்க முடியவில்லை. படிக்கட்டில் அவர்கள் சிரிப்புச் சத்தம் ஏறி வந்துகொண்டிருந்தது. அப்போது சொன்னேன். அங்கே இருந்தது நீ, நான், கட்டிலைச் சுற்றி ஒரு பச்சைத் திரை. திரை யாரிடமும் சொல்லியிருக்காது.

போன் பண்ணாதே, எடுக்க மாட்டேன். போனில் நீ பேசினால் கல்லும் கரையும். அதற்குத்தானே உனக்குச் சம்பளம்? கடைசியில் நான் உனக்கு ஆறுதல் சொல்லி, மன்னிப்பும் கேட்டுவிட்டு வைப்பேன். அந்தக் கதையே வேண்டாம். எழுது. எழுத்தென்றால் நிறுத்தி நிறுத்திப் படிக்கலாம், எந்த இடத்தில் நீ என்னை மடக்குகிறாய் என்று பார்க்கலாம்.

அந்த வரி உறைக்கு எப்படி வந்தது? அதை மட்டும் எழுது.

நீ பெயர் வைத்த
சிடுமூஞ்சி


மார்ச் 9

அன்புத் தம்பி சிடுமூஞ்சிக்கு,

பதினேழு முறை போன் அடித்தேன். நீ எடுக்கவில்லை. பேசிப் பிழைக்கிறவளைப் பேசாதே என்றால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருக்கிறது. சரி, எழுதுகிறேன்.

நான்தான் எழுதினேன். மறைக்கவில்லை. வருஷக் கடைசி, தண்ணீரில் பயிற்சி கொடுக்கிற குளத்தை மூடப் போகிறோம் என்று இயக்குநர் சொல்லிவிட்டார். நீ முதன்முதலில் காலை அசைத்த அதே குளம். பத்து நாளில் ஒரு வேண்டுகோள் கடிதம் எழுதித் தா என்றார். எங்கள் அறை சலவைக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிறது, உனக்குத் தெரியும். மெஷின் சுற்றினால் என் மேஜை ஆடும். அந்த ஆட்டத்தில் ஒன்பது நாள் உட்கார்ந்து எழுதியதெல்லாம் உப்புச் சப்பில்லாமல் போயிற்று. பத்தாம் நாள் உன் சட்டை ஞாபகம் வந்தது. அரைமணி நேரத்தில் எழுதி முடித்தேன்.

உன் பெயர் இல்லை. ஊர் இல்லை. லிஃப்ட் மெக்கானிக்கை எலக்ட்ரீஷியன் என்று மாற்றினேன். உன்னைத் தெரிந்தவர்களுக்குக்கூடத் தெரியாதபடிதான் செய்தேன். குளம் மூடவில்லை. இன்றைக்கும் அதில் முப்பது பேர் இறங்குகிறார்கள்.

என் பக்கத்தையும் கொஞ்சம் பார். பதினாலு வருஷம் இந்த அறையில் இருக்கிறேன். நன்றிக் கடிதத்தில் முத்திரை ஒட்ட வந்தவள், இன்று நிதி திரட்டும் பிரிவின் துணைத் தலைவி. தலைவர் பதவி முதல் முறை காலியானபோது, "நீங்க களத்துல பிரமாதம்மா, தலைமைக்கு இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்" என்றார்கள். இரண்டாம் முறை வெளியிலிருந்து ஓர் ஆளைக் கொண்டுவந்தார்கள். பெரிய நன்கொடையாளர் வீட்டுக்குப் போனால் முதலில் தண்ணீர் வாங்கிக் குடி, பிறகு பேசு என்பதுவரை அவருக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அவரும் போய்விட்டார். இது மூன்றாவது முறை. ஏப்ரல் 22ஆம் தேதி நேர்காணல். எனக்கு நாற்பத்தாறு வயது. இதுவும் போனால் ஓய்வு பெறுகிறவரை துணைதான்.

உன்னைப் புண்படுத்த நினைக்கவில்லை. நீ இல்லாவிட்டால் அந்தக் கடிதம் இல்லை. உன் தைரியத்தால் முகம் தெரியாத எத்தனையோ பேர் எழுந்து உட்கார்ந்திருக்கிறார்கள். இதை நீ பெருமையாக நினைக்கலாம்.

உன்
அக்கா

பி.கு.: ஏப்ரல் 12 அன்று நன்கொடையாளர் கூட்டம். உறையில் இருக்கிற ஆள் மேடையில் பத்து நிமிடம் பேசினால் நன்றாக இருக்கும் என்று இயக்குநர் ஆசைப்படுகிறார். அது நடந்தால் பதவி விஷயத்தில் எனக்கும் பேச ஒரு வாய் இருக்கும். வண்டி அனுப்புகிறேன். யோசித்துப் பார்.


மார்ச் 14

அக்கா,

பின்குறிப்பைத்தான் முதலில் படித்தேன். நீயே ஒருநாள் என் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த ரகசியம். "ஜனங்க முதல்ல தன் பேரைப் பாப்பாங்க, அப்புறம் நேரா பி.கு.வுக்குத் தாவிடுவாங்க. அதனால கேக்க வேண்டியத அங்க கேக்கணும்." உன் பாடத்தை நான் மறக்கவில்லை. மன்னிப்புக் கடிதத்திலும் நீ மறக்கவில்லை பார், அங்கேதான் நிற்கிறாய்!

அதன்பிறகு மேலேயிருந்து கீழே படித்துக்கொண்டு போனேன். முதலில் உன் கஷ்டம். அப்புறம் அவசரம், பத்து நாளாம். அப்புறம் முப்பது பேர் குளத்தில். கடைசியில் பெருமையாக நினைக்கலாமாம். நன்கொடையாளருக்கு எழுதுகிற அதே அச்சு, பெயரை மட்டும் மாற்றியிருக்கிறாய். "மன்னித்துக்கொள்" என்ற வார்த்தையைத் தேடினேன். இல்லை.

எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்கள். நீ உன் தம்பி வீடு எரிந்தபோதே ஒரு வரியைப் பிடுங்கி வைத்திருக்கிறாய்.

இன்னொன்று. நேற்று கூட்டாளி போர்டு கொடுக்க வந்தான். நான் விழுந்த அன்று குழிக்குள் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினானே, அவன்தான். மேஜையில் உறையைப் பார்த்துவிட்டு, "அட, இது எங்க வீட்டுக்கு மூணு வருஷமா வருதே" என்றான். மூன்று வருஷம்! நானும் உங்களுக்கு மாதா மாதம் பணம் அனுப்புகிறவன். அவன் வீட்டுக்கு வந்தது என் வீட்டுக்கு மட்டும் ஏன் வரவில்லை? இந்த வருஷம் மட்டும் ஏன் வந்தது?

அதோடு, இப்படி எழுத யாராவது கையெழுத்துப் போட வேண்டாமா? நான் போட்டதாக ஞாபகம் இல்லை. அப்போது என்னால் பேனாவே பிடிக்க முடியாது.

சுற்றி வளைக்காமல் பதில் எழுது. தைரியம் கிய்ரியம் என்று ஒரு வார்த்தை வந்தால் கடிதம் குப்பைத்தொட்டிக்குப் போகும்.

சிடுமூஞ்சி


மார்ச் 20

தம்பி,

மூன்று வருஷமாகத்தான் போகிறது. ஒவ்வொரு வருஷமும் நாற்பதாயிரம் வீட்டுக்கு.

எங்களிடம் ஒரு பட்டியல் உண்டு, "அனுப்ப வேண்டாம்" பட்டியல். இறந்துபோனவர்கள், வீடு மாறினவர்கள், இனிமேல் எழுதாதே என்று திட்டினவர்கள் எல்லாம் அதில் இருப்பார்கள். முதல் வருஷமே உன் முகவரியை அதில் போட்டேன். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் "காரணம்" என்று ஒரு கட்டம் இருக்கும். உனக்கு நேரே என்ன எழுதுவது என்று தெரியாமல் காலியாக விட்டுவிட்டேன். இந்த வருஷம் புதிதாக வந்த பதிவாளர் பட்டியலைச் சுத்தம் செய்திருக்கிறாள். காரணம் இல்லாத பெயர்களையெல்லாம் மறுபடியும் அனுப்ப வேண்டியவர்கள் பட்டியலில் சேர்த்துவிட்டாள். அவள் மேல் தப்பில்லை. அவள் வேலையை ஒழுங்காகச் செய்தாள், என் குட்டு வெளிப்பட்டது.

கையெழுத்து நான் போட்டது. உன்னைச் சேர்த்த அன்று ஒரு கட்டுப் படிவம் நீட்டினார்கள். மருந்துக்கு, மயக்க ஊசிக்கு, சாமான் பொறுப்புக்கு. பதினொன்றாவது தாள், நோயாளியின் கதையை நிலையம் பயன்படுத்தலாம் என்ற ஒப்புதல். "நோயாளிக்காக, உறவினர்" என்று போட்டேன். அந்தப் படிவத்தைத் தயாரித்ததே எங்கள் பிரிவுதான். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அன்றைக்கு அந்த வாசலில் எனக்கு ஒருத்திக்குத்தான் முழுசாகத் தெரியும்.

மன்னித்துக்கொள். எழுதிவிட்டேன்.

இனி என் கோபம். உனக்கு மட்டும்தான் வருமா?

ஏழு மாதம் வேலை முடிந்ததும் சலவைக்கூடத்திலிருந்து நேரே மூன்றாவது வார்டுக்கு ஓடி வந்தேன். உனக்குப் பட்டன் போட்டேன், பல் தேய்த்துவிட்டேன், உன் திட்டையும் வாங்கினேன். ஒரு வார்த்தை நன்றி என்று நீ சொன்னதில்லை, நானும் எதிர்பார்த்ததில்லை. ஆனால் வீடு திரும்பிய மறு மாதம், உறவுக்காரர்கள் முன்னால், "எங்க அக்காவுக்கென்ன, கவுரவமா பிச்சை எடுக்கிற வேலை" என்று சொல்லிச் சிரித்தாய். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து உன் மாமாவிடம்கூடச் சொல்லவில்லை.

நீ படுத்த கட்டில் இலவசம். நீ இறங்கிய குளம் இலவசம். அது எங்கிருந்து வந்தது? உனக்கு முன்னால் வேறு யாரோ ஒருவரின் கண்ணீரை நான் உறைக்குள் போட்டு அனுப்பினேன், அதிலிருந்து வந்தது. அது யார் என்று நீ ஒருநாளாவது கேட்டாயா? அடுத்தவர் கதை என்றால் சேவை, உன் கதை என்றால் திருட்டா?

பி.கு. இல்லை. திருப்திதானே?

அக்கா


மார்ச் 27

அக்காவுக்கு,

ஒரு வாரம் பதில் எழுத வரவில்லை. கீபோர்டில் இரண்டு விரலால் தட்டுகிறவனுக்கு அழிப்பதுதான் சுலபம், அதையே செய்துகொண்டிருந்தேன்.

பிச்சை என்று சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. நீ மறந்திருப்பாய் என்று நினைத்தேன். அன்றைக்கு எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டு பரிதாபமாக உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பார்வையை எங்கேயாவது திருப்பிவிட வேண்டியிருந்தது, பக்கத்தில் நீ இருந்தாய். அது கயவாளித்தனம். அதற்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன்.

நன்றி சொல்லவில்லை என்பதும் உண்மை. ஆரம்பித்தால் நிறுத்த முடியாது என்று பயமாக இருந்தது.

ஆனால் இதையும் கேள். அந்த வரியை நீ எலக்ட்ரீஷியன் வாயில் வைத்தாலும் அது என் குரல்தான். யாரும் பார்ப்பதற்குள் என்று சொன்னேனே, யார் பார்ப்பதற்குள்? கூட்டாளி பார்ப்பதற்குள். வேலையில் என் கையைப் பார்த்துத்தான் அவன் தொழில் கற்றுக்கொண்டான். அந்தக் கை ஒரு பட்டனிடம் தோற்பதை அவன் பார்க்கக் கூடாது. அவ்வளவுதான் எனக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது, அதை நீ நிறைவேற்றியும் கொடுத்தாய். அவர்கள் உள்ளே வரும்போது சட்டை கழுத்துவரை போட்டிருந்தது. இப்போது அதே வரி மூன்று வருஷமாக அவன் வீட்டுக் கதவுக்கே போயிருக்கிறது.

அன்று உறையைப் பார்த்தானே, நான் என்ன சொன்னேன் தெரியுமா? "யாரோ எலக்ட்ரீஷியனாம், பாவம்" என்றேன். "ஆமா, பாவம்" என்றான். எனக்காகக் குழிக்குள் இறங்கியவனிடம் நானே என்னை யாரோ என்று சொன்னேன். அன்றிலிருந்து அவன் வந்தால் என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

கூட்டத்துக்கு வரமாட்டேன். பத்து நிமிடம் இல்லை, பத்து விநாடியும் கிடையாது. உன் பதவி இதனால் போனால் எனக்கு வருத்தம்தான், ஆனாலும் வரமாட்டேன்.

நீ கேட்ட கேள்விக்கு இப்போது வருகிறேன். கேட்கவில்லைதான். இப்போது கேட்கிறேன். எனக்கு முன்னால் யார்?

தம்பி


ஏப்ரல் 13

தம்பிக்கு,

நேற்று கூட்டம் முடிந்தது. சொன்னால் சிரிப்பாய், அல்லது கையில் இருக்கிற ஸ்க்ரூடிரைவரை வீசுவாய்.

நீ வரவில்லை என்று இயக்குநரிடம் போன வாரமே சொன்னேன். "அப்ப நாடகக்காரர் ஒருத்தரை நாற்காலில உட்கார வெச்சு அந்தக் கடிதத்தைப் படிக்கச் சொல்லலாமா?" என்றார். நல்ல மனுஷர்தான், நிலையத்துக்காக உயிரை விடுகிறவர், அதனால்தான் அவருக்கு எதுவும் கூச்சமாகப் படுவதில்லை. முடியவே முடியாது என்றேன். பதினாலு வருஷத்தில் அவரிடம் நான் முடியாது என்றது இதுதான் முதல் தடவை. என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது.

ஆனால் மண்டபத்துக்குள் நுழைந்தால் மேடைக்குப் பின்னால் ஆள் உயரத்தைத் தாண்டி உன் வரி தொங்குகிறது. துணியில் அச்சடித்து மாட்டியிருந்தார்கள். அதன் முன்னால் வட்ட மேஜைகள், வெள்ளை விரிப்பு, எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டு அண்ணாந்து பார்க்கிறார்கள். ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் இனிப்பு போட்டுக்கொண்டார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

என் முறை வந்தது. மனப்பாடம் செய்திருந்ததெல்லாம் பறந்துவிட்டது. "இதைச் சொன்னவரு இன்னைக்கு வரல. வர இஷ்டமில்லைன்னு சொல்லிட்டாரு. அவர் சொன்னது சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அப்புறம் ஒலிபெருக்கிக்காரர் அவசரமாகப் பாட்டைப் போட்டார்.

உனக்கு முன்னால் யார் என்று கேட்டாயே. ஒரு தையல்காரம்மா. கழுத்தில் அடிபட்டவர். தன் மகளின் கல்யாணத் துணியைப் பாதியில் வைத்துவிட்டு வந்தவர். அந்தப் பாதித் துணியைப் பற்றித்தான் எழுதினேன், அதிலிருந்து உன் கட்டில் வந்தது. அவருடைய ஃபைலை நேற்றுக் காலை எடுத்துப் பார்த்தேன். கையெழுத்து இருந்தது, கோணல்மாணலாக. ஆனால் எதற்கு என்று நான் படித்துக் காட்டினேனா என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. படித்துக் காட்டியிருந்தால் ஞாபகம் இருந்திருக்கும்.

அக்கா


ஏப்ரல் 17

அக்கா,

மேடையில் அப்படிச் சொன்னாயா? நீயா? உனக்கு மைக்கைக் கொடுத்தால் திரும்ப வாங்குவதுதான் கஷ்டம் என்று நினைத்திருந்தேன்.

அந்தத் துணி என்ன ஆயிற்று? கீழே இறக்கிவிட்டார்களா, இல்லை சுருட்டி அடுத்த வருஷத்துக்கு வைத்திருக்கிறார்களா? உங்கள் ஆட்களை எனக்குத் தெரியும்.

22ஆம் தேதி நேர்காணலுக்கு அந்த நீலப் புடவையைக் கட்டு. மற்றதெல்லாம் உன்னைக் கெஞ்சுகிறவள் மாதிரி காட்டும். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல். கடைசியில் பின்குறிப்பு எதுவும் சேர்க்காதே.

இன்னும் கோபம் தீரவில்லை. ஆனாலும் உனக்குக் கிடைக்க வேண்டும்.

தம்பி


ஏப்ரல் 26

தம்பி,

கிடைக்கவில்லை.

நீலப் புடவைதான் கட்டினேன். நிர்வாகக் குழுவிலிருந்து மூன்று பேர், நீளமான மேஜை, எனக்கு மட்டும் கால் ஆடுகிற நாற்காலி. "தலைவியானா முதல் வேலையா என்ன செய்வீங்க?" என்று கேட்டார்கள். நீ சொன்னபடி கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னேன். "அந்த உறையை நிறுத்துவேன்" என்றேன். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் பேனாவை மூடினார். பேனா மூடும் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

சோப்பு கம்பெனியில் விற்பனை பார்த்த ஒருவரை நியமித்திருக்கிறார்கள். திங்கட்கிழமை வந்தார். வந்ததும் என்னைக் கூப்பிட்டு, "நன்கொடையாளர்னா யாரு, எப்படிப் பேசணும், எல்லாத்தையும் நீங்கதான் எனக்குச் சொல்லிக் குடுக்கணும்" என்றார். இன்னொரு ஆளுக்கும் அதே பாடம். தண்ணீர் வாங்கிக் குடியுங்கள் என்பதிலிருந்து ஆரம்பித்தேன். எனக்குள் என்ன வெந்தது என்று உனக்கு எழுதினால் தாள் பற்றிக்கொள்ளும்.

அதுகூடப் போகட்டும். உறையைப் பார்த்துவிட்டார். "இதை நிறுத்தணும்னு சொன்னீங்களாமே? இதுதாம்மா நம்ம அடையாளம்! அடுத்த வருஷம் எண்பதாயிரம் போடுறோம்" என்கிறார். அந்த ஒப்புதலைக் கொடுத்தது அந்த ஆள் இல்லை, யாரோ உறவினர் என்றேன். "கையெழுத்து இருக்குல்ல? போதும்" என்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பார்கள். இங்கே சாமியும் இல்லை.

ஒரே வழி இருக்கிறது. நோயாளியே எழுதிக் கொடுத்தால் ஒப்புதல் ரத்து. விதி அது. நீ எழுத வேண்டும், நான் எழுத முடியாது. நீ எழுதினால் யார் கையெழுத்துப் போட்டது என்று கோப்பைத் திறப்பார்கள். ஊழியர் ஒருத்தி தன் தம்பிக்காகத் தானே கையெழுத்துப் போட்டு, தானே எழுதி, அவன் முகவரியையும் மறைத்தாள் என்று தெரியவரும். என் துணைப் பதவியும் போகலாம். போனால் போகட்டும்.

இதுவரை ஆயிரம் பேரிடம் கேட்டிருக்கிறேன். கேட்கும் முன்பே அவர்கள் என்ன சொல்வார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் கேட்பேன். உன்னிடம் எந்தக் கணக்கும் இல்லாமல் கேட்கிறேன். எழுதிக் கொடு.

அக்கா


மே 6

அக்காவுக்கு,

எழுத்து கோழி கிளறியது போல இருக்கிறதென்று பார்க்கிறாயா? இது என் கை. தடிமனான பேனா வாங்கி அதில் ரப்பர் சுற்றியிருக்கிறேன். பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகிறது, பொறுமையாகப் படி.

உன் கடிதம் வந்ததும் கூட்டாளியைக் கூப்பிட்டேன். "அந்த உறையில இருக்கிற ஆளு எலக்ட்ரீஷியன் இல்லடா. நான்தான்" என்றேன். அவன் கையிலிருந்த டீயைக் கீழேகூட வைக்கவில்லை.

"தெரியும்டா."

"எப்பத்துலருந்து?"

"மூணு வருஷமா. முதல் உறையைப் பாத்ததுமே புரிஞ்சுபோச்சு. உன்னை வார்டுல பாக்க வந்த அன்னைக்குப் படிக்கட்டுல நாங்க ஏறி வந்தப்பவே நீ அதைச் சொன்னது கேட்டுச்சு. நாங்கதான் இன்னும் கொஞ்ச நேரம் நின்னுட்டு வரலாம்னு கீழ் படியிலேயே நின்னோம். அக்கா போட்டு முடிக்கட்டும்னு."

"ஏண்டா சொல்லல?"

"நீயா சொல்லுவேன்னு பாத்தேன்."

அக்கா, ஏழு வருஷமாக அவர்கள் பார்க்கவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் பார்க்காமல் நின்றிருக்கிறார்கள். நான் அழுதேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதிவிட்டேன்.

மறுநாள் அவன் வண்டியிலேயே உங்கள் நிலையத்துக்குப் போனோம். நீ அன்று வெளியூர் நன்கொடையாளர் வீட்டுக்குப் போயிருந்தாய். தெரிந்துதான் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தேன். வரவேற்பில் இருந்த பெண், "யாரைப் பாக்கணும்?" என்றாள். "உறையில இருக்கிற ஆளு வந்திருக்கேன்னு சொல்லும்மா" என்றேன். சோப்புக்காரர் ஓடி வந்தார். என் கையைப் பிடித்துக் குலுக்கினார். படம் எடுக்க ஆளைக் கூப்பிடப் போனார், கூட்டாளி அவர் தோளில் கை வைத்து உட்கார வைத்தான்.

ரத்து என்றேன். எண்பதாயிரம் வீடு, முப்பது பேர், குளம் என்று ஆரம்பித்தார். உன் கடிதத்தில் வந்த அதே வரிசை! நீ நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறாய். பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்து, "ஒரு தாள் குடுங்க" என்றேன். அவர் அச்சடித்துக் கொண்டுவரச் சொன்னார், கையெழுத்து மட்டும் போட்டால் போதுமாம். வேண்டாம் என்று என் பேனாவை எடுத்தேன்.

நாலு வரிதான். இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. நடுவில் பேனா இரண்டு முறை விழுந்தது. கூட்டாளி குனிந்து எடுத்துக் கொடுத்தான். சோப்புக்காரர், வரவேற்புப் பெண், டீ கொண்டுவந்தவர், வாசலில் எட்டிப் பார்த்த இரண்டு பேர், எல்லாரும் நின்று என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கட்டும் என்று எழுதினேன்.

பழைய ஒப்புதலில் இருப்பது யார் கையெழுத்து என்று கேட்டார்கள். நான் சொல்லித்தான் அக்கா போட்டாள் என்று சொல்லிவிட்டேன். பொய்தான். ஏழு மாதம் பட்டன் போட்டதற்குக் கூலி என்று வைத்துக்கொள்.

தம்பி


மே 17

என் தம்பிக்கு,

நன்றிக் கடிதம் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்பது எங்கள் பிரிவில் நான் போட்ட விதி. இது பதினோராவது நாள். முகம் தெரியாதவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு நன்றி எழுதுகிறவளுக்கு உனக்கு எழுத ஒரு வார்த்தை அகப்படவில்லை. உன் கோழிக் கிளறலைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறேன்.

உன் பொய்யை மூன்று நாள் வைத்திருந்தேன். நாலாம் நாள் இயக்குநரிடம் போய் உள்ளதைச் சொல்லிவிட்டேன். திட்டாதே. உனக்குப் படித்துக் காட்டாமல் போட்ட கையெழுத்தால் வந்த வினை இது, அதன் மேல் உன் பெயரில் இன்னொன்றை எப்படி அடுக்குவது? வேலை போகவில்லை. எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார், மூன்று வருஷத்துக்குப் பதவி உயர்வு கேட்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. இந்த இடத்தில் நான் தலைவியாகப் போவதில்லை. பதினாலு வருஷத்துக்கு ஒரு தாளில் முடிவு எழுதிக் கையில் கொடுத்துவிட்டார்கள். வயிறு எரியவில்லை என்று சொன்னால் நீயே நம்ப மாட்டாய்.

ஒப்புதல் படிவத்தை மட்டும் மாற்றவைத்தேன். இனிமேல் நோயாளி தன் கையால் பேனா பிடிக்கிறவரை காத்திருக்க வேண்டும். வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். "எதை எழுதக் கூடாது?" என்று ஒரு கேள்வி சேர்த்தேன். சோப்புக்காரர் முகத்தைச் சுளித்தார். நேற்று மூன்றாவது வார்டில் ஒருவரிடம் படித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எதுவுமே வேணாம்மா" என்றார். சரி என்று எழுந்து வந்துவிட்டேன். அன்றைக்கு வேறு கதையும் கிடைக்கவில்லை.

ஒரு விளம்பரம் பார்த்தேன். காது கேளாத பிள்ளைகளின் பள்ளி, நிதி திரட்டும் பிரிவுக்குத் தலைவர் தேவை. விசாரித்தால், அந்தப் பிரிவில் மொத்தமே ஓர் ஆள்தானாம். தலைவியும் நானே, முத்திரை ஒட்டுகிறவளும் நானே. உன் மாமா வயிறு குலுங்கச் சிரிக்கிறார். விண்ணப்பம் எழுதி மேஜையில் வைத்திருக்கிறேன், இன்னும் அனுப்பவில்லை.

நன்றி. இதற்கு மேல் தெரியவில்லை.

அக்கா

பி.கு.: ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா? முடியாது என்றால் முடியாது என்று எழுது.


மே 20

பின்குறிப்பை முதலில் படித்தேன். வா.

விண்ணப்பத்தையும் எடுத்து வா. எழுதினதை எனக்குப் படித்துக் காட்டிவிட்டு அனுப்பு.